தண்ணீர் மாளிகைகள் – 6: மூன்று வாசல், ஒரு கிணறு

மான்செஸ்டர் நகரின் ஹாதர்சேஜ் சாலையில், சிவப்புச் செங்கல்லும் வெளிர் மஞ்சள் சுடுமண்ணும் பட்டை பட்டையாக மாறி வரும் நீளமான கட்டடம் ஒன்று நிற்கிறது. முகப்பில் மூன்று வாசல்கள். ஒவ்வொரு வாசலின் தலைமாட்டிலும் சுடுமண்ணிலேயே எழுத்து வார்த்து வைத்திருக்கிறார்கள். ஆண்கள் முதல் வகுப்பு. ஆண்கள் இரண்டாம் வகுப்பு. பெண்கள்.

பெண்களுக்கு வகுப்பு கிடையாது. வக்கீல் வீட்டு அம்மாவும் ஆலைத் தொழிலாளியின் மகளும் ஒரே வாசலில்தான் நுழைய வேண்டும். ஆஹா, என்ன சமத்துவம் என்று அவசரப்பட்டு யாரும் மகிழ வேண்டாம். உள்ளே தண்ணீர் ஓடிய வரிசையைப் பார்த்தால் சமாசாரம் புரிந்துவிடும். அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருவோம்.

சென்ற இதழில் நாம் லிவர்பூலில் நின்றிருந்தோம். 1832-இல் அந்தத் துறைமுக நகரத்தில் காலரா புகுந்தபோது, தெருவிலேயே தன் வீட்டில் மட்டும் வெந்நீர்க் கொப்பரை வைத்திருந்த அயர்லாந்துக்காரி கிட்டி வில்கின்சன், அக்கம்பக்கத்தாரின் துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் தன் அடுக்களையில் துவைத்துக்கொள்ள விட்டாள். வாரத்துக்கு ஒரு பென்னி வாங்கினாள். கிருமி என்ற ஒன்று நோயைப் பரப்புகிறது என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளாத காலம் அது. வெந்நீரும் சுண்ணாம்புக் காரமும் போட்டுத் துவைத்த வீடுகளில் சாவு குறைவு என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த அடுக்களைதான் பத்தே வருஷத்தில், 1842-இல், நகரசபையின் பொதுக் குளியலறையாகவும் சலவைக் கூடமாகவும் ஆனது. 1846-இல் பாராளுமன்றம் அதற்கென்று ஒரு சட்டமே போட்டது.

அந்தச் சட்டத்தில் ஒரு விசேஷம். எந்த ஊரையும் அது கட்டாயப்படுத்தவில்லை. விரும்புகிற நகரசபை வரிப்பணத்தில் குளியல் கூடம் கட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் கட்டினால், ஏழைகளுக்கான கட்டணம் எவ்வளவு என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. பச்சைத் தண்ணீர்க் குளியலுக்கு ஒரு பென்னி, வெந்நீருக்கு இரண்டு பென்னி. அதற்கு மேல் வாங்கக் கூடாது. இந்த விலையில் எந்தக் கூடமும் கட்டுப்படியாகாது. எனவே கொஞ்சம் வசதியுள்ளவர்களை அதிக விலைக்கு உள்ளே இழுக்க வேண்டும். அவர்கள் வர வேண்டுமென்றால் ஆலைக்காரனோடு ஒரே தொட்டியில் இறங்கச் சொல்ல முடியாது. முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் பிறந்தது இப்படித்தான். ரயிலில் இருந்த பிரிவினை தண்ணீருக்கும் வந்தது.

முதலில் இந்தக் கூடங்கள் அழுக்கு போக்கத்தான். நீச்சல் பிறகு வந்த ஆசை. 1878-இல் வந்த திருத்தச் சட்டம் கூரை போட்ட நீச்சல் குளங்களைக் கட்டவும், குளிர்காலத்தில் குளத்தை மூடி அந்த இடத்தை உடற்பயிற்சி போன்ற வேறு காரியங்களுக்கு விடவும் நகரசபைகளுக்கு வழி செய்தது. அதன் பிறகு ஊருக்கு ஊர் போட்டிதான். பக்கத்து ஊர்க் குளத்தைவிட எங்கள் குளம் நீளம், எங்கள் கோபுரம் உயரம் என்ற வீம்பு. அந்த வீம்பின் உச்சிதான் ஹாதர்சேஜ் சாலையில் நிற்கிற விக்டோரியா குளியல் கூடம்.

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அசல் மான்செஸ்டரின் அன்றைய நிலைமை அவ்வளவு ரசிக்கத்தக்கதாக இல்லை. பஞ்சு ஆலை, கரிப்புகை, முதுகோடு முதுகு ஒட்டிய சின்ன வீடுகள். பெரும்பாலான தொழிலாளர் வீடுகளில் குளியலறை என்பதே கிடையாது. வெளியே ஒரு பொதுக் குழாய், உள்ளே கணப்புக்கு முன்னால் ஒரு தகரத் தொட்டி. சனிக்கிழமை இரவு அதில் குடும்பமே வரிசையாகக் குளித்து எழும். இப்படிப்பட்ட ஊரில், மாநகராட்சி 59,144 பவுண்ட் செலவழித்து ஒரு குளியல் கூடம் கட்டியது. நகரத்தின் முதல் மாநகரக் கட்டடக் கலைஞராகப் பதவியேற்ற ஹென்றி பிரைஸ்தான் அதை முடித்துக் கொடுத்தவர். 1906 செப்டம்பர் 7 அன்று திறந்து வைத்த மேயர் ஹெர்பர்ட் தியூலிஸ், மான்செஸ்டரின் ஒவ்வொரு குடிமகனும் பெருமைப்படத்தக்க தண்ணீர் மாளிகை என்று அதை வர்ணித்தார். இந்தத் தொடரின் தலைப்பு அவரிடம் கடன் வாங்கியதுதான்.

மாளிகை என்றது வாய் உபசாரம் இல்லை. முதல் வகுப்பு வாசலில் நுழைந்தால் தரையிலிருந்து தோளுக்கு மேல் வரை பளபளக்கும் பச்சை ஓடுகள். மாடிப்படியின் கைப்பிடிச் சுவர், தூண், வளைவு எல்லாம் அதே பச்சை. தரையில் சிறு சிறு கல் துண்டுகளைப் பதித்து மீன்கள் நெளிய விட்டிருக்கிறார்கள். சன்னல்களில் வண்ணக் கண்ணாடி. அதில் சாமியார்களோ தேவதூதர்களோ இல்லாமல் விளையாட்டு வீரர்கள் நிற்கிறார்கள். ஒரே ஒரு தேவதை மட்டும் துருக்கிக் குளியலின் ஓய்வறையில் இருக்கிறாள். தூய்மையின் தேவதை என்று பெயர். வேர்த்து விறுவிறுத்து வந்து சாய்ந்து கிடப்பவர்கள் மீது அவள் வழியாகத்தான் வெளிச்சம் விழும்.

இரண்டாம் வகுப்பு வாசலில் இந்த ஆடம்பரம் குறைந்துவிடும். பெண்கள் பக்கம் போனால் இன்னும் சுருக்கம். கட்டடத்துக்குள் நடந்து போகிறவருக்கு, எந்த இடத்தில் மாநகராட்சியின் பணம் தீர்ந்தது என்று சுவரே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது தண்ணீர் சமாசாரத்துக்கு வருவோம்.

கூடத்துக்கென்று சொந்தக் கிணறு இருந்தது. அதிலிருந்து இறைத்த தண்ணீரைக் கொதிகலனில் சூடேற்றிக் குளத்தில் விட வேண்டும். அன்று வடிகட்டும் இயந்திரம் கிடையாது, குளோரின் கிடையாது. குளத்தை நிரப்புவது, ஆட்கள் நீந்த நீந்தக் கலங்க விடுவது, பிறகு திறந்துவிட்டுக் கழுவி மறுபடி நிரப்புவது. இதுதான் முறை. மூன்று குளத்துக்கும் ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர் என்றால் கரிச்செலவு தாங்காது. ஆகவே புதுத் தண்ணீர் முதலில் ஆண்கள் முதல் வகுப்புக்குப் போகும். அவர்கள் நீந்தி முடித்த தண்ணீர் இரண்டாம் வகுப்புக்கு வரும். அவர்களும் நீந்தி முடித்த பிறகு பெண்களுக்கு. வக்கீல் வீட்டு அம்மா எவ்வளவு காசு கொடுத்தாலும் அவளுக்கு வாய்த்தது மூன்றாம் கைத் தண்ணீர்.

தண்ணீர் யாரைத் தொட்டுவிட்டு யாரிடம் போகிறது என்ற கணக்கு நமக்கு ஒன்றும் புதிதில்லை. எந்தத் துறையில் யார் இறங்கலாம், எந்தக் கிணற்றில் யார் வாளி விடலாம் என்பதற்காக நம் ஊர்களில் நடந்த சண்டைகள் கொஞ்சமா? அங்கே அதைக் காசும் பாலினமும் தீர்மானித்தன; தீர்மானித்ததைச் சுடுமண்ணில் எழுதியும் வைத்தார்கள். எழுதி வைத்ததில் ஒரு லாபம், இன்று யாராலும் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று சாதிக்க முடியாது.

நீச்சல் குளங்களைத் தவிர, வெறுமனே குளிப்பதற்கான தொட்டி அறைகளும் இருந்தன. அறை என்றால் ஒரு தடுப்பு, ஒரு கதவு, ஒரு நீளத் தொட்டி. பிரிட்டனின் பொதுக் குளியல் கூடங்களில் பரவலாக இருந்த வழக்கப்படி, வெந்நீர்க் குழாயைத் திறக்கும் சாவி வெளியே பணியாளர் கையில் இருக்கும். தண்ணீர் ஆறிப்போனால் தொட்டிக்குள் உட்கார்ந்தபடியே அறை எண்ணைச் சொல்லி, இன்னும் கொஞ்சம் சூடு விடப்பா என்று கத்த வேண்டும். கொடுத்த காசுக்கு மேல் நேரம் ஆனால் கதவு தட்டப்படும்.

துருக்கிக் குளியல் வேறு ஜாதி. அதில் தொட்டி இல்லை. ஒன்றைவிட ஒன்று அதிகச் சூடாக மூன்று அறைகள். ஈரமில்லாத வெக்கைக் காற்று. முதல் அறையில் உடம்பைப் பழக்கி, அடுத்ததில் வேர்க்க விட்டு, மூன்றாவதில் தாங்குகிற மட்டும் இருந்துவிட்டு வந்தால் ஆள் வைத்து உடம்பைத் தேய்த்து விடுவார்கள். பிறகு குளிர்ந்த நீரில் ஒரு முழுக்கு. அப்புறம் தேவதையின் காலடியில் ஒரு தூக்கம். மான்செஸ்டர்க்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. விக்டோரியா காலத்துத் துருக்கிக் குளியல் மோகம் அயர்லாந்தில் 1856-இல் ஆரம்பித்து, மறு வருஷமே மான்செஸ்டருக்கு வந்துவிட்டது. ஐம்பது வருஷம் கழித்து மாநகராட்சி அதைத் தன் செலவில் கட்டித் தந்தது.

கூடத்தின் தொடக்க காலக் கண்காணிப்பாளர்களில் ஒருவர் ஜான் ஹென்றி டெர்பிஷயர். எல்லோருக்கும் ராப். சாதாரண உத்தியோகஸ்தர் இல்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் 4 பேர் சேர்ந்து நீந்தும் 800 மீட்டர் தொடர் நீச்சலில் தங்கம் வாங்கிய பிரிட்டன் அணியில் ஒருவர். கண்காணிப்பாளருக்கு அதே கட்டடத்தில் மாடி வீடு. கீழே குளம், மேலே குடித்தனம். ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் மாநகராட்சிச் சம்பளத்தில் துண்டுக் கணக்கும் டிக்கெட் கணக்கும் பார்த்தார் என்பதை இன்றைய விளையாட்டு வீரர்கள் நம்பப் போவதில்லை.

1914-இல் ஆணும் பெண்ணும் ஒரே குளத்தில் நீந்த அனுமதி வந்தது. அனுமதி வந்துவிட்டதே தவிர மனம் வரச் சில காலம் பிடித்தது. அதற்குச் சாட்சி எதெல் லவ்ரி என்ற பெண். சன்னி என்று கூப்பிடுவார்கள். பக்கத்து லாங்சைட் பகுதியில் 1911-இல் பிறந்தவள்; விக்டோரியா குளத்தில் பயிற்சி எடுத்தவள். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடப்பது அவள் லட்சியம். அவளுக்குப் பயிற்சி தந்த ஜேபஸ் உல்ஃப், தானே 22 தடவை முயன்று ஒரு தடவைகூடக் கால்வாயைக் கடக்க முடியாதவர். தோற்றவனுக்குத்தான் கடலின் கள்ளத்தனம் எல்லாம் தெரியும் என்று அவள் நினைத்திருக்கலாம். உடம்பில் சதை பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர் தாங்காது என்று முட்டை முட்டையாக ஆம்லெட் சாப்பிட்டாள். கனத்த கம்பளி நீச்சலுடை தண்ணீரில் நனைந்து இழுக்கிறதே என்று இரண்டு துண்டாக, இலேசான உடை போட்டாள். முழங்கால் தெரிகிற உடைக்காக அவளை வேசி என்று ஏசியவர்கள் உண்டு.

இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவையாக 1933 ஆகஸ்ட் 28 அன்று பிரெஞ்சுக் கரையிலிருந்து இறங்கினாள். பதினைந்து மணி நேரத்துக்கு மேல் நீந்தி, சொறி மீன்கள் கொட்டிய உடம்போடு இங்கிலாந்துக் கரை ஏறினாள். கால்வாயைக் கடந்த முதல் சில பிரிட்டிஷ் பெண்களில் அவளும் ஒருத்தி. பெண்களுக்கு மூன்றாம் கைத் தண்ணீர் விடத் திட்டம் போட்ட கட்டடத்திலிருந்து வந்தவள்.

குளிர்காலத்தில் முதல் வகுப்புக் குளத்தைப் பலகை போட்டு மூடிவிடுவார்கள். மேலே நடனம், பந்துருட்டும் ஆட்டம். சுற்றிலும் துணி மாற்றும் சின்ன அறைகள், மாடியில் பார்வையாளர் வரிசை, நடுவே வாத்தியக் கோஷ்டி. அந்தப் பலகை மேல் ஆடிக் கல்யாணத்தில் முடிந்த ஜோடிகள் அந்த வட்டாரத்தில் நிறைய. 1952-இல் ஏரோடோன் என்ற உருண்டைத் தொட்டி வந்தது. தொட்டிக்குள் கழுத்து வரை நின்றால் நாலா பக்கமும் காற்று பீறிட்டு உடம்பைப் பிசையும். இன்றைய ஜக்கூசிக்கு முன்னோடி. பொதுக் குளியல் கூடம் ஒன்றில் அது வைக்கப்பட்டது பிரிட்டனிலேயே அங்கேதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு இறங்குமுகம். காரணம் கெட்டது இல்லை, நல்லதுதான். வீட்டுக்கு வீடு குளியலறை வந்துவிட்டது. சேரிகளை இடித்து ஜனங்களை வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். தொட்டி அறைகள் காலியாயின. 1980-களில் இரண்டாம் வகுப்புக் குளத்தை மூடி விளையாட்டுக் கூடமாக்கிவிட்டார்கள். கட்டடமோ வயதான காலத்து வியாதிகளோடு நின்றது. குளத்துக் கூடத்தில் எப்போதும் ஈரமும் சூடும்; இரும்புக் கம்பி துருப்பிடிக்கும், மர உத்தரம் உளுக்கும், கூரைக் கண்ணாடி தளரும். எவ்வளவு அழகான கூடமோ அவ்வளவு செலவு. அரசாங்கம் 1983-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் மேல்நிலையில் சேர்த்தது. பட்டியலில் சேர்த்தவர்கள் பழுது பார்க்கப் பணம் தரவில்லை. மாநகராட்சி கைவிரித்தது. 1993 மார்ச் 13 அன்று கதவு சாத்தப்பட்டது.

இங்கிருந்துதான் இந்தக் கதையில் ஊர் நுழைகிறது. மூடுவதை எதிர்த்துக் கோஷம் போட்டவர்களில் பலர் அங்கே நீச்சல் கற்றவர்கள், ஆடியவர்கள், குளிக்க மட்டுமே வந்துபோன கிழவர்கள். கோஷம் பலிக்கவில்லை. வழக்கமாக அங்கேயே முடிந்துவிடும். இவர்கள் முடிக்கவில்லை. அதே வருஷம் ஒரு அறக்கட்டளையையும் நண்பர்கள் சங்கத்தையும் அமைத்தார்கள். சங்கத்தின் வேலை ரொம்ப எளிமையானது: கட்டடத்தை மறக்க விடாமல் இருப்பது. மாதத்தின் முதல் ஞாயிறு கதவைத் திறந்து வைப்பார்கள். பார்க்க வருகிறவர்களை மீன் தரையிலும் வற்றிய குளத்திலும் நடத்திக் காட்டுவார்கள். தேநீர் விற்பார்கள். பெரியவர்கள் சொல்லும் பழங்கதைகளை எழுதிச் சேர்ப்பார்கள். பத்து வருஷம் இதையே செய்தார்கள். கூரை ஒழுகியது, இவர்கள் நடத்திக் காட்டினார்கள். புறா கூடு கட்டியது. இவர்கள் தேநீர் விற்றார்கள்.

2003-இல் பிபிசி ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. நாடு முழுவதும் இடியும் நிலையில் இருந்த 30 கட்டடங்கள். அவற்றில் எதைக் காப்பாற்றுவது என்று ஜனங்கள் தொலைபேசியில் ஓட்டுப் போட வேண்டும். ஜெயித்ததற்குப் பணம். நகைச்சுவை நடிகர் கிரிஃப் ரைஸ் ஜோன்ஸ் நடத்தினார். கோட்டை, மாளிகை, தேவாலயம் என்று பிரபுக்களின் சொத்துகள் வரிசையில் நிற்க, நடுவே ஒரு மாநகராட்சிக் குளியல் கூடம். செப்டம்பரில் நடந்த இறுதிச் சுற்றில் 2.8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளோடு அதுதான் ஜெயித்தது. பிரபு மாளிகைக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் எண்ணிக்கையும் குளத்துக்குள் குதித்தவர்கள் எண்ணிக்கையும் ஒன்றா என்ன?

பரிசு ஏறத்தாழ 34 லட்சம் பவுண்ட். ஊரே கொண்டாடியது. திரும்ப நீந்தப் போகிறோம் என்று துண்டை உதறிக் காத்திருந்தவர்கள் ஏராளம்.

வேலை தொடங்கவே 2007 மார்ச் ஆகிவிட்டது. ஒப்பந்தக்காரர்கள் கேட்ட தொகை கையிலிருந்ததைத் தாண்டியது. மேலும் பணம் தேட வேண்டியிருந்தது. 2008-இல் முதல் கட்டம் முடிந்தபோது முகப்புப் பகுதி பழைய மினுமினுப்பில் நின்றது. முதல் வகுப்புக் குளத்தின் கூரை சீரானது. குளத்தில் மட்டும் தண்ணீர் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். பழைய கோயிலைப் புதுப்பித்தால் மறுநாள் பூசை நடத்த ஒரு குருக்களும் ஒரு விளக்கும் போதும். குளியல் கூடத்துக்கு அது போதாது. தினமும் தண்ணீரைச் சூடாக்க வேண்டும், வடிகட்ட வேண்டும், மருந்து போட வேண்டும், கரையில் உயிர்காப்பாளர்கள் நிற்க வேண்டும். ஒரு நாள் ஜனம் வராவிட்டாலும் கொதிகலன் எரிந்தே ஆக வேண்டும். பரிசுப் பணமும் பாரம்பரிய நிதியும் கல்லுக்கும் ஓட்டுக்கும் கண்ணாடிக்கும் கிடைக்கும். திங்கட்கிழமை காலை எரிவாயு பில்லுக்குக் கிடைக்காது. கட்டிக் கொடுக்க ஆயிரம் கை நீளும், நடத்திக் கொடுக்க ஒன்றும் நீளாது. இது மான்செஸ்டருக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை.

இன்னொரு இடியும் விழுந்திருந்தது. 2002 காமன்வெல்த் போட்டிகளுக்காக, ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் உள்ள ஆக்ஸ்போர்டு சாலையில், 50 மீட்டர் நீளக் குளங்களோடு புத்தம் புதிய நீச்சல் வளாகம் 2000-லேயே திறந்துவிட்டது. பக்கத்தில் அவ்வளவு பெரிய குளம் இருக்கும்போது, 75 அடிக் குளம் ஒன்றுக்கு யார் ஆண்டுதோறும் மானியம் தருவார்கள்? விக்டோரியா குளத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு வாதம் இருந்தது. அதில் நீந்த வேண்டும் என்பதற்கான வாதம்தான் பலவீனமானது.

ஆகவே அறக்கட்டளை வேறு வழி கண்டது. வற்றிய குளத்தை வாடகைக்கு விட்டது. கல்யாணம், கண்காட்சி, சந்தை, படப்பிடிப்பு. 'லைஃப் ஆன் மார்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் அந்தக் கட்டடத்தைப் பார்த்தவர்கள் பல லட்சம் பேர். அது குளியல் கூடம் என்று அறிந்தவர்கள் எத்தனை பேரோ. 2012 முதல் பியர்த் திருவிழா ஒன்றும் நடக்கத் தொடங்கியது. முதல் வகுப்புக் கனவான்கள் முங்கி எழுந்த பள்ளத்தில் இன்று கோப்பையும் கையுமாக இளைஞர்கள் நிற்கிறார்கள். பழைய கண்காணிப்பாளர் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் குளிர்காலத்தில் பலகை போட்டு நடனம் நடத்தியவர்களே அவர்கள்தானே. வாடகை வருகிறது, அந்தப் பணம் அடுத்த சன்னலுக்குப் போகிறது. வண்ணக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஈயம் மாற்றி, திரும்பப் பொருத்துவது இப்படித்தான் நடந்தது. மூடிய பிறகு ஒரு சில தடவை மட்டும், தற்காலிகமாகத் தண்ணீர் நிரப்பி ஊர்க்காரர்களை நீந்த விட்டார்கள்.

இது வெற்றியா தோல்வியா என்று கேட்டால், சங்கத்துக்காரர்களுக்குள்ளேயே ஒரே பதில் கிடைப்பது கடினம். கட்டடம் நிற்கிறது, அது சின்ன விஷயம் இல்லை. அதே தலைமுறையில் பிரிட்டனில் இடித்துத் தள்ளப்பட்ட குளியல் கூடங்கள் எத்தனையோ. ஆனால் இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து வாசித்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கிட்டி வில்கின்சன் வீட்டில் அழகான ஓடு எதுவும் இல்லை. கொப்பரையில் வெந்நீர் இருந்தது. அது இருந்ததால்தான் ஜனங்கள் வந்தார்கள்.

தண்ணீருக்காகவே சண்டை போட்ட ஊர் ஒன்றும் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கோவன்ஹில் பகுதி. கால்டர் தெருவில் இருந்த குளியல் கூடத்துக்கு 1914-இல் அடிக்கல் நாட்டி, உலகப் போருக்கு நடுவில் 1917-இல் திறந்தார்கள். கோவன்ஹில் எப்போதுமே வந்தேறிகளின் பேட்டை. அயர்லாந்துக்காரர்கள், யூதர்கள், பிறகு பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள். கூடத்தின் பின்பக்கம் சலவைக் கூடம்; கிளாஸ்கோ வழக்கில் அதற்குப் பெயர் ஸ்டீமி. ஊர் வம்பெல்லாம் அங்கேதான் துவைக்கப்படும்.

2001 ஜனவரியில் மாநகராட்சி அதை மூடப் போவதாக அறிவித்தது. வேறு இடத்துக் குளத்துக்குப் போய்க்கொள்ளுங்கள் என்றது. பேருந்து மாறிப் போகும் வசதி இல்லாத கிழவிகளுக்கும், பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய நேரத்தில் மட்டுமே நீந்த முடிந்த முஸ்லிம் பெண்களுக்கும் அந்தப் பதில் பதிலாகப் படவில்லை. மார்ச் 21 அன்று ஊர்க்காரர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு வெளியே இருந்தவர்கள் சோறு கொண்டுவந்தார்கள். வாசலில் இரவு பகலாகக் காவல். 'ஒன்றுபட்டு நீந்துவோம்' என்ற கோஷம் அப்போது பிறந்ததுதான். ஏறத்தாழ 140 நாட்கள் தாக்குப்பிடித்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று குதிரைப் படை உட்படப் போலீஸ் வந்து, உள்ளே இருந்தவர்களை வெளியேற்றியது. கைதுகள் நடந்தன.

தோற்றுப்போன போராட்டம் என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் வெளியேற்றிய பிறகும் மாநகராட்சியால் அந்தக் கட்டடத்தை இடிக்கவோ விற்கவோ துணிய முடியவில்லை. போராடியவர்களே அறக்கட்டளை அமைத்தார்கள். 2012-இல் முன்பகுதியைத் திறந்து நாடகம், கைத்தொழில், சமையல், தோட்டம் என்று ஆரம்பித்தார்கள். குளங்களைத் திருப்பிக் கொண்டுவருவதற்கான பெரிய புனரமைப்பு வேலைக்குப் பணம் திரட்டவே அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடின. மான்செஸ்டரில் பரிசு முதலில் வந்து தண்ணீர் வராமல் போனது. இங்கே பரிசு தர யாரும் இல்லை. இருந்தும், எங்களுக்கு வேண்டியது கட்டடம் மட்டுமில்லை, குளமும்தான் என்ற ஒரு வரியை அவர்கள் ஒரு நாளும் மாற்றிக்கொள்ளவில்லை. என் கணக்கில் கோவன்ஹில்காரர்களின் பிடிவாதம்தான் கிட்டியின் கொப்பரைக்குப் பக்கத்து உறவு.

தண்ணீரையும் விடாமல் கட்டடத்தையும் விடாமல் பிடித்துக்கொண்ட ஊர் உண்டா? பர்மிங்ஹாமில் ஒன்று உண்டு. பால்சல் ஹீத் பகுதியின் மோஸ்லி சாலைக் குளியல் கூடம், 1907 அக்டோபர் 30 அன்று திறந்தது. தொட்டி அறைகள் 46. அந்தத் தொட்டிகளில் ஜனங்கள் குளித்தது எது வரை என்று நினைக்கிறீர்கள்? 2004 வரை. இருபத்தோராம் நூற்றாண்டிலும் வாரம் ஒரு முறை சோப்பும் துண்டுமாக வந்து வெந்நீர்த் தொட்டியில் கிடந்துவிட்டுப் போனவர்கள் இருந்திருக்கிறார்கள். பெரிய குளம் 2003-இல் மூடிப்போனது. அந்த வற்றிய குளத்தில் நீச்சலுடை போட்ட ஊர்க்காரர்கள் கூட்டமாக, சீனத்துக் களிமண் வீரர்களைப் போல விறைத்து நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் உலகம் சுற்றியது. சின்னக் குளத்தில் மட்டும் நீச்சல் தொடர்ந்தது. மாநகராட்சி கைவிட நாள் குறித்தபோது, 2018 ஏப்ரலில் ஊர்க்காரர்களே சாவியை வாங்கிக் கொதிகலனைப் பற்றவைத்தார்கள். உயிர்காப்பாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது, டிக்கெட் விலையை யார் வைத்தார்கள், ஒழுகும் கூரைக்குக் கீழே எப்படிக் குளத்தை நடத்தினார்கள் என்பதையெல்லாம் அடுத்த இதழில் பார்க்கலாம்.

(தொடரும்)